பதினோரு நிமிஷம் இந்தியா பேசவில்லை

"எண்பத்தோராம் வருசம் நவம்பர் மாசம் ஒரு மத்தியானம், இந்த இந்தியா தேசத்தையே பதினோரு நிமிசம் வாயை மூட வச்சவ நான்" என்றாள் எஸ்தர் ஞானசௌந்தரி.

டாக்டர் பெனாசிரின் பேனா அந்தரத்தில் நின்றது. பெயர், வயது, எடை, சர்க்கரை உண்டா இல்லையா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்கு, "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்று கேட்டிருந்தார். எஸ்தரிடம் அப்படிக் கேட்பது, குற்றாலத்து அருவியிடம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பது மாதிரி. பாளையங்கோட்டையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். டாக்டர் ஊருக்குப் புதுசு.

"பொய்" என்றாள் பக்கத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த அறம்வளர்த்தாள்.

"நீங்க யாரும்மா?"

"துணைச் சாட்சி."

அப்படி ஒரு பதவி அந்த ஆராய்ச்சி மையத்தில் இருந்தது. ஞாபக மாத்திரை சாப்பிட வருகிற ஒவ்வொருவரும், அவர்களை நெடுங்காலமாகத் தெரிந்த ஓர் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். மாத்திரை சாப்பிட்டவர் என்னவெல்லாம் நினைவுக்கு வருகிறது என்று சொல்வார். துணைச் சாட்சி அதற்கென்று அச்சடித்த படிவத்தில், 'நடந்தது', 'நடக்கவில்லை', 'தெரியாது' என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் போடுவார். உலகத்தில் இந்த வேலைக்கென்றே ஒரு பிறவி எடுத்திருந்தால் அது அறம்வளர்த்தாள்தான். எழுபத்தேழு வயதில் அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'சும்மா இருக்கேன்' என்றுகூடச் சொல்ல மாட்டாள். சும்மா இருந்ததில்லையே!

இருவரும் திருநெல்வேலி ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்களாக இருந்தவர்கள். வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் ஊரே இவர்கள் கையைத்தான் நம்பியிருந்தது. பலகை முழுக்க ஓட்டைகள், கை நிறைய வயர்கள், காதில் ஹெட்செட். இந்த ஓட்டையில் சொருகினால் மதுரை, அந்த ஓட்டையில் சொருகினால் கொழும்பு. அறம்வளர்த்தாள் மூன்று வயது மூப்பு, பொறுப்பு சூப்பர்வைசர் வேறு. இப்போது இருவரும் டெலிபோன் காலனியில் எதிரெதிர் வீடு.

ஆறு மாதமாக எஸ்தரின் கதைகளில் ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. களக்காட்டு மலையிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்து, எக்ஸ்சேஞ்சில் ஏழாம் நம்பர் போர்டில் உட்கார்ந்து ஹெட்செட் மாட்டிக்கொண்ட கதையை முந்நூறாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தவள், "அப்புறம்..." என்று நிறுத்தி, சிறுத்தையைத் தேடுகிறவள் மாதிரி அறை முழுக்கப் பார்த்தாள். அன்றைக்கே அறம்வளர்த்தாள் எஸ்தரின் மகளுக்குப் போன் போட்டாள். தோகாவில் இருக்கிற மகள் போனிலேயே அழுது, இந்தப் பரிசோதனையில் சேர்த்துவிட்டாள்.

"மாத்திரை என்னத்தச் செய்யும்?" என்று கேட்டாள் அறம்வளர்த்தாள்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூளையில செரோட்டோனின்னு ஒண்ணு இருக்கும்மா. சேதி கொண்டு போற ஆள்னு வச்சுக்கோங்க. அந்த ஆளை உள்ளே விடறதுக்குப் பதினாலு வகை வாசல் இருக்கு. ஏற்பின்னு சொல்வோம். அதுல ஆறாவது வகை வாசல் வழியா சேதி போனா, ஞாபகம் கொஞ்சம் அமுங்கிடுது. இந்த ஊதா மாத்திரை அந்த வாசலை மட்டும் அடைச்சு வைக்கும்."

"டம்மி பிளக்."

"என்னது?"

"கெட்டுப்போன ஓட்டையில வேற யாரும் வயரைச் சொருகிரக் கூடாதுன்னு ஒரு கட்டையைச் சொருகி வைப்போம். அது டம்மி பிளக்."

டாக்டருக்கு அது பிடித்துப்போய்விட்டது. குறித்துக்கொண்டார். ஆனால் அறம்வளர்த்தாள் விடவில்லை.

"கெட்டுப்போனதைத்தான் நாங்க அடைப்போம். இந்த ஆறாம் நம்பர் கெட்டுப்போனதில்லையே? அமுக்கி வைக்குன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா?"

"இருக்கலாம்மா. அதையும்தான் பார்க்கிறோம்" என்றார் டாக்டர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

முதல் வாரம் மாத்திரை கிடையாது. எஸ்தரின் கதைகளை எல்லாம் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். மூன்று நாள் ஆனது. பதிவு செய்கிற கருவி இரண்டு தடவை சூடாகி நின்றதாகச் சொல்கிறார்கள். மொத்தம் அறுபத்துநாலு கதை. இனி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாத்திரை கொடுத்து, அவற்றைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி மறுபடி கேட்பார்கள். ஆகப் பெரியது இந்தியா வாயை மூடிய கதை. அது கடைசி வாரத்துக்குப் போனது.

அந்த முதல் படிவத்தில், கடைசிக் கதைக்கு நேராக, அறம்வளர்த்தாள் 'நடக்கவில்லை' என்ற கட்டத்தில் பேனா தாளைக் கிழிக்கும்படி டிக் போட்டாள்.

நியாயமாக அவள் போட்டிருக்க வேண்டியது 'தெரியாது'.

அந்த மத்தியானத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று நிமிஷம். வெளியே ஐப்பசி மழை. போர்டில் ஆள் குறைவு என்று அவளே ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தாள். தேஜ்பூரிலிருந்து ஒரு அழைப்பு. அஸ்ஸாமில் ரோடு போடுகிற வேலைக்குப் போயிருந்த தம்பி காந்திமதிநாதன், அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். மலேரியா. குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. சாப்பாடு எப்படி, அம்மா எப்படி என்று ஏதேதோ பேசிவிட்டு, "அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த..." என்றான்.

அப்போது, ஒரு ட்ரங்க் காலுக்கு அனுமதித்த மூன்று நிமிஷம் முடிந்தது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை, மூன்றாம் நிமிஷத்தில் வயரை உருவுகிற கை அது. அது அவளைக் கேட்கவில்லை. தானாக எழுந்தது, உருவியது.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாற்பது நாள் கிடந்தாள். தலைமுடி கொட்டிப்போய் எழுந்து உட்கார்ந்தபோது, தம்பி இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அந்த மத்தியானத்தில் அவள் நினைவில் மிஞ்சியது அந்த 'அந்த' மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஐம்பது வருஷமாக எஸ்தர் சொல்லி வருவது வேறு. "யக்கா, நீங்க வயரை உருவினிய, வாஸ்தவம். ஆனா நான் திருப்பிப் பிடிச்சேன்லா! மதுரை, மெட்ராஸ், கல்கத்தா, குவாஹாத்தின்னு வரிசையாக் கூப்பிட்டு, அத்தனை பேரையும் வாயை மூடுங்கட்டின்னு அடக்கி, காந்தியைக் கொண்டுவந்து உங்க காதுல வச்சேன். பதினோரு நிமிசம் பேசினிய."

"என்ன பேசினேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான!"

சிறுத்தைக்கு ஹெட்செட் மாட்டிவிட்டவள் சொல்வதை யார் நம்புவது? ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அறம்வளர்த்தாள் முடிவுகட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் "பொய்" என்றாள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, அந்த நவம்பர் மாதம் வந்தால், ஏதாவது சாக்கில் பேச்சை அங்கே கொண்டுபோய் நிறுத்துவாள். எஸ்தர் சொல்வாள். இவள் பொய் என்பாள். அன்றைக்குக் கொஞ்சம் நன்றாகத் தூங்குவாள்.

மாத்திரை தொடங்கியது. மையத்தில் சாய்வு நாற்காலி போட்ட ஓர் அறை இருந்தது. ஜன்னலுக்குப் பச்சைத் திரை. பதினோரு மணி வெயில் அதன் வழியாகக் குளத்துத் தண்ணீர் மாதிரி உள்ளே வந்து சுவரில் அசையும். எஸ்தர் அதில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். அரை மணி நேரத்தில் அவள் குரல் மாறும். வயது குறையும். வேறு எங்கேயோ ஒரு மத்தியானத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்து பேசுகிறவள் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"ஏழாம் நம்பர் போர்டு. ஸ்டூல்ல மஞ்சளா ஏதோ கெடக்கு. சுருண்டு கெடக்கு. வெயில் அது முதுகுல விழுது." மூடிய கண்ணோடே, குனிந்து பார்க்கிறவள் மாதிரி தலையைச் சாய்த்தாள். "யக்கா, இது வெறும் பூனைல்லா!"

அறம்வளர்த்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'நடந்தது' கட்டத்தில் டிக் போட்டாள். ஐம்பது வருஷத்தில் எஸ்தருக்கு அவள் போட்ட முதல் 'நடந்தது' அது. ஆட்டோவில் வீடு திரும்புகிற வழியெல்லாம், "என்னட்டி, உன் சிறுத்தைக்குப் பால் வாங்கணுமா?" என்று சீண்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த செவ்வாய், மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசியதற்காக எஸ்தர் லைனை வெட்டிவிட, மறுநாளே பதவி போன மந்திரி, ஒரு பஞ்சாயத்துத் தலைவராகச் சுருங்கினார். அவருக்குப் பதவியும் போகவில்லை. அதற்கடுத்த வாரம், நாலாயிரம் பேர் வந்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் பந்தி நடந்த எஸ்தரின் கல்யாணத்தில் நூற்றெண்பது பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களுக்கும் ரசம் பத்தவில்லை.

சோதனையில் மதிப்பெண்கள் ஏறின. சாவி எங்கே என்று தெரிந்தது. மகளின் பெயர் சரியாக வந்தது. பத்து வார்த்தை சொன்னால் பத்தையும் திருப்பிச் சொன்னாள். டாக்டர் பூரித்துப்போனார். ஆனால் காலனியில் சாயங்காலம் கூடுகிற பெண்கள் ஒவ்வொருவராக எஸ்தரின் வீட்டு வாசலுக்கு வருவதை நிறுத்தினார்கள். வந்து உட்கார்ந்து, "எஸ்தரக்கா, அந்தச் சிறுத்தைக் கதை சொல்லுங்க" என்றால், "பூனை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறவளிடம் யார் உட்காருவார்கள்?

ஒருநாள் மத்தியானத் தூக்கத்தில் அறம்வளர்த்தாளுக்குக் கனவு. நனைந்த மலையிலிருந்து சிறுத்தை இறங்கி வருகிறது. எக்ஸ்சேஞ்சு வாசலில் நின்று உள்ளே பார்க்கிறது. ஏழாம் நம்பர் ஸ்டூலில் இடமில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகிறது. விழித்தபோது அவள் கண் நனைந்திருந்தது. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியவில்லை.

ஒன்பதாவது வாரம் தேவஇரக்கத்தின் முறை. எஸ்தரின் வீட்டுக்காரர். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எஸ்தர்னு சொல்லி, சிரிச்சுக்கிட்டே போனாரு" என்பது பதிவில் இருந்தது. சாய்வு நாற்காலியில் எஸ்தர் கண்ணை மூடிப் படுத்தாள். பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் அசைந்தது.

"நான் அங்கன இல்ல" என்றாள். "ஆஸ்பத்திரி கேண்டீன்ல நிக்கேன். காபி ஆத்துதான். எனக்குச் சூடா இருக்கு, இன்னும் ஆத்துன்னு சொல்லுதேன். ஒருத்தி ஓடி வாரா."

டாக்டர் படிவத்தை அறம்வளர்த்தாள் பக்கம் நகர்த்தினார். அறம்வளர்த்தாளுக்குத் தெரியும். கேண்டீனுக்கு ஓடி வந்தவளே அவள்தான். இருபது வருஷமாக எஸ்தர் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்கிறபோதெல்லாம், உலகத்தில் எதற்கும் வாயை மூடாத அறம்வளர்த்தாள் அதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது கட்டம் மூன்றுதான். 'நடந்தது' என்று டிக் போட்டாள். கோடு நேராக விழவில்லை.

அன்று சாயங்காலம் அவள் எஸ்தரின் வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே பேசினாள். "ஏட்டி, போதும். மாத்திரையை நிறுத்திரு."

"ஏன்?"

"சாவி எங்க இருக்குன்னு தெரிஞ்சிட்டுல்லா. வேற என்ன வேணும்?"

எஸ்தர் மடித்துக்கொண்டிருந்த சேலையை மடியில் வைத்தாள். இப்போதெல்லாம் அவள் பார்வை கழுவி வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. "மூணு வாரத்துல என்ன கதை வருதுன்னு எனக்கும் தெரியும். உங்களுக்குப் பயம்."

"எனக்கு என்னட்டி பயம்? அது பொய்யின்னு நான் அன்னைக்கே டிக் போட்டுட்டேன்."

"அப்ப பொய்யாப் போனா என்ன? உங்களுக்கு ஜெயிச்ச மாதிரிதான?"

அறம்வளர்த்தாளின் வலது கை விரல்கள் லேசாக எழுந்து காற்றில் எதையோ உருவின. பேச்சு தொடங்கி மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. முட்டை வேகிறபோதும், பல் தேய்க்கிறபோதும், யாராவது துக்கம் சொல்லி அழுகிறபோதும், மூன்றாம் நிமிஷம் அந்தக் கைக்குத் தெரியும்.

எஸ்தர் அந்தக் கையைப் பிடித்து மடக்கினாள். "யக்கா, சிறுத்தை போச்சு. மந்திரி போனான். அவர் சிரிச்சதும் போச்சு. மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான். இது நிக்குதா விழுதான்னு பாத்திருவோம். எனக்கும் தெரியணும். சொல்லிச் சொல்லி எது நடந்தது, எது நான் கட்டினதுன்னு எனக்கே தெரியாமப் போச்சு."

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டா நீங்க என்னையப் பத்தி இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சரி."

சரியாக இருப்பதிலும் இப்படி ஒரு துயரம் இருக்கும் என்று அறம்வளர்த்தாள் எழுபத்தேழு வயதுவரை நினைத்ததில்லை.

பன்னிரண்டாவது செவ்வாய்க்கிழமை மழை. சரியான மழை. வானத்தில் யாரோ அணைக்கட்டைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன மழை. மையத்துக்கு வருவதற்குள் ஆட்டோ இரண்டு தடவை படகானது. எஸ்தர் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தாள். பச்சைத் திரைக்கு வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது. அறைக்குள் எல்லாம் நீருக்கடியில் இருப்பது போல அசைந்தது.

"எண்பத்தொண்ணு, நவம்பர்" என்றார் டாக்டர் மெதுவாக. "உங்க இந்தியாக் கதைம்மா."

எஸ்தர் சொன்னாள்.

"மழை. அறம் அக்கா போர்டுல இருக்கா. வயரை உருவிட்டா. உருவின கையை அவளே பாத்துக்கிட்டு இருக்கா. செத்த பாம்பைப் பாக்க மாதிரி."

அறம்வளர்த்தாள் தன் வலது கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"நான் எந்திரிக்கேன். லைனைத் திருப்பிப் பிடிக்கணும்னு எந்திரிக்கேன்." தலையை இடம் வலமாக அசைத்தாள். "இல்ல. நான் எந்திரிக்கல."

விழுந்தது, என்று அறம்வளர்த்தாள் நினைத்தாள். ஐம்பது வருஷமாகப் பொய் என்று சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு கூரை, சத்தமே இல்லாமல் இறங்கியது. பேனாவை எடுத்தாள்.

"நான் எந்திரிக்கல. அவதான் எந்திரிக்கா" என்றாள் எஸ்தர். கண் மூடியே இருந்தது. "எட்டி மதுரை, நான் திருநெல்வேலி, தேஜ்பூர் லைன் எனக்கு வேணும், எல்லாத்துக்கும் முந்திப் போற லைட்னிங் கால்னு கத்துதா. யாரு செத்தாங்கன்னு மதுரைக்காரி கேக்கா. யாரும் சாகல, அதுக்குள்ள குடுன்னு சொல்லுதா. மெட்ராஸ். கல்கத்தா. இங்கிலீசுல ஏசுதா, இந்தியில கெஞ்சுதா. காந்தி வந்துட்டான். ஆனா குரல் இல்ல. பக்கத்துக் கம்பியில பேசுதவன் பேச்செல்லாம் இதுல கசியுது. பருத்தி விலை, கல்யாணத் தேதி, யாரோ அழுதது. உடனே அவ சொல்லுதா: அத்தனை லைனையும் நிறுத்துங்க. ஒருத்தரும் பேசக் கூடாது. என் தம்பி பேசுதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"சூப்பர்வைசர்! ஒரு நிமிசம் கூடப் பேசினா எங்களுக்கு மெமோ குடுக்கவ! ஒவ்வொரு ஊரா அடங்குது. எனக்குக் கேக்கு. விளக்கு அணையுத மாதிரி, ஒவ்வொரு ஊரா..." அவள் கை காற்றில் விளக்குகளை அணைத்துக்கொண்டு போனது. "அப்புறம் அவ ஹெட்செட்டைக் கழட்டுதா. வயர் எட்டுத வரைக்கும் இழுத்துக்கிட்டு ஜன்னல்ட்டப் போயி, கதவைத் திறந்து, அதை மழைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கா. தோள் வரைக்கும் நனையுது. எதுக்குன்னு தெரியல. பைத்தியம் பிடிச்சிட்டுன்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் தெரியல."

எஸ்தர் கண்ணைத் திறந்தாள். வெறும் எழுபத்துநாலு வயதுக்காரியின் கண்கள். சுற்றிலும் பார்த்து, அறம்வளர்த்தாளைக் கண்டுபிடித்தாள்.

"யக்கா, அது நான் இல்ல. நீங்கதான். நீங்க காய்ச்சல்ல கெடக்கும்போது மதுரையில இருந்து விசாரணைக்கு ஆள் வந்தான். உங்க வேலை போயிருமேன்னு, நான்தான் சார் செஞ்சேன்னு சொன்னேன். அவன் நம்பவே இல்ல. இப்படி ஒண்ணு நடக்காதும்மான்னு சொல்லி, 'ஒழுங்கீனம்'னு மட்டும் எழுதி ஆறு மாசம் என்னைய வீட்டுக்கு அனுப்பினான். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே போயி ஒத்துக்கிருவியன்னு, போர்டுல இருந்த மத்த நாலு பேர்ட்டயும் வெளிய சொல்லக் கூடாதுன்னு பைபிள்ல கை வச்சுச் சத்தியம் வாங்கினேன். அப்புறம் சொல்லிச் சொல்லி..." அவள் முகம் சுருங்கியது. "எனக்கே நான்தான்னு ஆயிப்போச்சு. இருந்த ஒரே பெரிய கதை. அதுவும் திருட்டு."

ஆறு மாத வீட்டுத் தண்டனை அறம்வளர்த்தாளுக்குத் தெரியும். அதிகாரியை எதிர்த்துப் பேசியிருப்பாள் வாயாடி என்று, காய்ச்சலிலிருந்து எழுந்த கையோடு அவளுக்கு ஒரு மணி நேரம் புத்தி சொன்னதும் தெரியும்.

ஆனால் அவள் அதை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை எதுவும் சாப்பிடாத அவளுடைய தலைக்குள், எங்கேயோ தூரத்தில், ஒரு வயர் போய்ச் சரியான ஓட்டையில் உட்கார்ந்தது.

"குடை" என்றாள்.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"அந்தக் குடை. 'அக்கா, அந்தக் குடையை நான்தான் தொலைச்சேன், அம்மா மேல பழியைப் போட்டேன்.' அதான் சொன்னான். அதைச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் சுத்தி வந்திருக்கான், சவத்துப்பய." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, உடைந்தபடியே தொடர்ந்தது. "அப்புறம் கேட்டான். 'அங்க மழையாக்கா? இங்க ஒரு சத்தமும் இல்ல. கொஞ்சம் கேக்க வை'ன்னான். அதான்ட்டி ஜன்னலுக்குப் போனேன். நம்ம எக்ஸ்சேஞ்சு தகரத்துல விழுற மழை. தேஜ்பூர்ல படுத்துக்கிட்டு அவன் கேட்டான். தூங்கிட்டான்னு நெனைக்கேன். நடுவுல ஒருக்கா காதுல வச்சுப் பாத்தேன், மூச்சு மட்டும் வந்துச்சு. நான் வயரை உருவல."

எஸ்தர் நாற்காலியிலிருந்து எட்டி அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அது துடிக்காமல் கிடந்தது. வெகுநேரம் கிடந்தது. மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது.

டாக்டர் பெனாசிர் தொண்டையைச் செருமினார். அவருக்குத் தன் வேலை ஞாபகம் வந்திருந்தது, அதற்காக வெட்கமும் வந்திருந்தது. "நான் கேக்கணும்மா, மன்னிச்சுக்கோங்க. மாத்திரை சாப்பிட்டது இவங்க. உங்களுக்கு வந்தது எப்படின்னு எனக்குத் தெரியல. ஐம்பது வருஷமா கேட்ட கதை உள்ளே போயி ஞாபகம் மாதிரி உட்கார்ந்திருக்கவும் கூடும். எதை நான் எழுதிக்கிறது?"

"இவ சொன்ன கதையில குடை இருந்துச்சா?" என்றாள் அறம்வளர்த்தாள்.

டாக்டர் முதல் வாரப் பதிவைப் புரட்டினார். "இல்லை."

"மழையைக் கேக்க வைன்னு இருந்துச்சா?"

"இல்லை."

"ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நாந்தான். இவ கேக்கல."

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாபகம் தெளிந்தவளின் புதுப் பழக்கப்படி, தானாகவே திருத்தம் சொல்ல ஆரம்பித்தாள். "டாக்டரம்மா, இந்தியான்னு போடாதிய. இந்தியா எல்லாம் இல்ல. இங்க இருந்து குவாஹாத்தி போற அந்த ஒத்தை வழியில உள்ள நாலு கம்பிதான். மிஞ்சிப்போனா நாப்பது பேரு பேச்சை நிறுத்தியிருப்பான்..."

"நீ சும்மா கெட" என்றாள் அறம்வளர்த்தாள்.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். 'நடந்தது' என்ற கட்டத்தில், பொறுமையாக, அழகாக, டிக் போட்டாள். கீழே குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில் 'செய்தவர்கள்' என்று எழுதி இரண்டு பெயரையும் எழுதினாள். எஸ்தரின் பெயரை முதலில்.

"யக்கா, நான்தான் எந்திரிக்கவே இல்லன்னு..."

"நான் அடக்கினது கல்கத்தா வரைக்கும்தான். அதுக்கு அந்தப் பக்கம் அடக்கினது நீ. உனக்கு ஞாபகம் இல்ல, மாத்திரை பத்தல."

அறம்வளர்த்தாள் தன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது என்று சிலர் சொல்கிறார்கள். அது பொய்யா என்று டிக் போட அங்கே இன்னொரு துணைச் சாட்சி இல்லை. எஸ்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவி வைத்த அந்தக் கண்களில், வெகு தூரத்தில், மலையடிவாரத்தில், மஞ்சளாக ஏதோ ஒன்று அசைந்தது.

"அப்போ நடந்ததுதான்?" என்றார் டாக்டர். "மொத்த இந்தியாவும்? பதினோரு நிமிஷம்?"

"நடந்தது" என்றாள் அறம்வளர்த்தாள், பேனாவை மூடியபடி. "பதினேழு நிமிசம். இவ எப்பவும் எதையும் குறைச்சுத்தான் சொல்லுவா."